ஸ்டேஜ் 1 ஹார்லிக்கு எந்த டியூனர்: பவர் விஷன், ஃபியூல்பேக், பவர் கமாண்டர், தண்டர்மேக்ஸ்

ஏர் க்ளீனரும் சைலன்சரும் மாற்றிய ஹார்லி (இதைத்தான் ஸ்டேஜ் 1 என்பார்கள்) மூன்று விதமாகப் புகார் சொல்லும். திடீரென ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு நொடி திணறும். விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். நெரிசலில் நின்றால் பின் சிலிண்டர் பக்கம் தொடை வேகும். "டியூனர் வாங்கிப் போடு, சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். டியூனர் என்பது இன்ஜினின் பெட்ரோல் கணக்கைத் திருத்தும் கருவி. எந்த டியூனர் என்று கேட்டால் அவரவர் வண்டியில் இருப்பதன் பெயரைச் சொல்வார்கள்.

விலையையும் திரையின் அளவையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பயன் இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு. இந்தக் கருவி எந்த அட்டவணையைத் திருத்துகிறது? எந்த சென்சார் சொன்னதை நம்பித் திருத்துகிறது?

ஹார்லியின் இசிஎம் (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்), உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தம், ஆர்பிஎம், காற்றின் சூடு ஆகியவற்றோடு விஇ என்ற அட்டவணையையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. இந்த ஆர்பிஎம்மில், இந்தத் திறப்பில், சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்பும் என்பதுதான் அந்த அட்டவணை. முன் சிலிண்டருக்கு ஒன்று, பின் சிலிண்டருக்கு ஒன்று. கம்பெனி ஃபில்டரையும் சைலன்சரையும் வைத்துப் போட்ட எண்கள் அவை. இரண்டையும் மாற்றியதும் எண்கள் தப்பாகிவிடும்.

சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்துவதால் (க்ளோஸ்டு லூப்) தப்பு வெளியே தெரியாது. த்ராட்டிலை நன்றாகத் திறந்தால் இசிஎம் சென்சாரை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் நம்பும் (ஓபன் லூப்). திணறல் அங்கேதான் வரும்.

பவர் விஷன்

டைனோஜெட் நிறுவனத்தின் பவர் விஷன், உள்ளங்கை அளவு தொடுதிரைக் கருவி. பக்க மூடிக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் டயக்னாஸ்டிக் போர்ட்டில் செருகினால், இசிஎம்முக்குள் இருக்கும் மேப்பையே (அட்டவணைகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) மாற்றி எழுதும். விஇ, காற்று-பெட்ரோல் விகிதம், இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), ஐடிலிங், ரெவ் லிமிட் எல்லாம் கைக்கு வரும். கம்பெனி மேப்பைப் படித்துத் தனியே வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஆறு மேப் வரை ஏற்றலாம்.

வாங்கும்போது போர்ட்டின் பின்களை எண்ணுங்கள். நான்கு பின் இருந்தால் பழைய ஜே1850 தகவல் தொடர்பு முறை, பிவி-1 என்ற பவர் விஷன் மாடல் வேண்டும். ஆறு பின் இருந்தால் கேன் முறை, பிவி-2 அல்லது அதற்கு அடுத்து வந்த மாடல். சாஃப்டெயில் 2011-லும் டைனா 2012-லும் டூரிங்கும் ஸ்போர்ட்ஸ்டரும் 2014-லும் ஆறு பின்னுக்கு மாறின. தவறான மாடலை வாங்கினால் கேபிளை மாற்றிச் சமாளிக்க முடியாது.

தயார் மேப்பை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். அது வேறொருவர் வண்டிக்கு எழுதியது. இந்தக் கருவியின் பெறுமானம் ஆட்டோடியூனில், அதாவது ஓட்டும்போது சென்சார் பார்த்து விஇ எண்களைத் தானே திருத்துவதில் இருக்கிறது, அதைச் சரியாகச் செய்யும் வரிசை இது:

1. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் தொடங்கவே கூடாது. சாவி போட்ட நிலையில் ஹெட்லைட் எரிந்தபடி மேப் ஏறும்போது வோல்டேஜ் இறங்கிப் பாதியில் நிற்பதுதான் வழக்கமான விபத்து. ஹெட்லைட் ஃப்யூஸைக் கழற்றுங்கள், அல்லது சார்ஜரை மாட்டுங்கள். கில் சுவிட்ச் 'ரன்' நிலையில், இன்ஜின் அணைந்திருக்க வேண்டும்.
2. கம்பெனி மேப்பைப் படித்ததும் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.
3. மாடல் ஆண்டு, சிசி, சைலன்சர், ஏர் க்ளீனர் நான்குக்கும் மிக நெருங்கிய மேப்பை அடிப்படையாக எடுங்கள்.
4. அதற்கு ஆட்டோடியூனைத் துவக்கி ஏற்றுங்கள். இன்ஜின் சூடு 100 டிகிரி செல்சியஸ் தாண்டிய பிறகே பதிவைத் தொடங்குங்கள். குளிர்ந்த இன்ஜினுக்குத் தனியாகக் கூடுதல் பெட்ரோல் கணக்கு உண்டு, அது கலந்தால் பதிவு கெடும்.
5. இருபது, முப்பது நிமிடம் ஓட்டுங்கள். ஒரே ஆர்பிஎம்மில் சில நொடி நிலையாக இருங்கள், பிறகு மெதுவாக அடுத்ததற்குப் போங்கள். சடக் சடக்கென்று திருகினால் ஆக்சிலரேஷனுக்கான கூடுதல் பெட்ரோல் புகுந்து எண்ணைக் கெடுக்கும். மேட்டுச் சாலையில் நான்காவது கியரில் ஏறுவது, அட்டவணையில் அழுத்தம் கூடிய கட்டங்களை நிரப்ப நல்ல வழி.
6. பதிவை நிறுத்தி, கற்றதைப் புது மேப்பாகச் சேமித்து, அந்த மேப்பை ஏற்றி, மறுபடி ஓட்டுங்கள். மூன்று நான்கு சுற்று வேண்டும்.

முதல் சுற்றில் கட்டங்கள் எட்டு பத்து சதவீதம் மாறினால் வியப்பில்லை. மூன்றாவதில் ஒன்று இரண்டு சதவீதத்துக்குச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்காவிட்டால் மேப்பைக் குடைவதை விட்டுவிட்டு வண்டியில் கசிவைத் தேடுங்கள்.

இதில் ஓர் எல்லை உண்டு. வண்டியோடு வரும் நேரோபேண்ட் சென்சாருக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும்: கலவை, பெட்ரோல் மிச்சமின்றி எரியும் சமநிலைக்கு (எத்தனால் இல்லாத பெட்ரோலில் 14.7) இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? 13.2-ஐயும் 12.5-ஐயும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அடிப்படை ஆட்டோடியூன் ஓடும்போது முழு மேப்பும் 14.6 பக்கத்தில் பிடிக்கப்படுகிறது. அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகாதீர்கள். சூடும் நாக்கிங்கும் (கலவை தாறுமாறாக வெடித்து டிக் டிக் என்று தட்டுவது) வரும். மேனிஃபோல்டு அழுத்தம் 80 கிலோபாஸ்கலுக்கு மேலுள்ள கட்டங்களைக் கற்காமலே விட்டு, பக்கத்துக் கட்டங்களின் போக்கைப் பார்த்துக் கையால் நீட்டுவது பாதுகாப்பு.

உச்சக் கட்டங்களையும் அளந்தே தீர வேண்டுமானால், விகிதத்தையே எண்ணாகச் சொல்லும் வைட்பேண்ட் தொகுதி தனியாக வாங்க வேண்டும். பாஷ் எல்எஸ்யு 4.9 போன்ற வைட்பேண்ட் சென்சாரின் மரை 18 மில்லிமீட்டர். 2010-க்குப் பிந்தைய பெரும்பாலான ஹார்லி பைப்புகளில் இருப்பது 12 மில்லிமீட்டர் துளை. பைப்பில் புது பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்டு செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வைட்பேண்ட் இருந்தால் கணக்கு எளிது: பழைய விஇ × அளந்த விகிதம் ÷ வேண்டிய விகிதம். ஒரு கட்டத்தில் 80 இருக்கிறது, வேண்டியது 13.2, அளந்தது 14.0 என்றால் புது எண் 84.8. சீரான ஓட்டத்துக்கு 13.8 முதல் 14.2, முழுத் திறப்புக்கு 12.8 முதல் 13.2 என்பது காற்றில் குளிரும் ஹார்லிக்குப் பழகிய இலக்கு.

பவர் விஷனுக்குக் கூடுதல் மதிப்பெண் தருவது அதன் பதிவு வசதி. ட்வின் கேம் இன்ஜின், ஸ்பார்க் பிளக் வழியாக அயனி மின்னோட்டத்தைப் பார்த்து நாக்கிங்கைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு அடுத்து வந்த மில்வாக்கி-எய்ட் இன்ஜினில் தனி நாக் சென்சார். இரண்டிலும் எந்த ஆர்பிஎம்மில் எத்தனை டிகிரி டைமிங் பின்வாங்கியது என்பதைப் பதிவில் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் இரண்டு டிகிரி குறைக்கலாம். ஆட்டோடியூன் டைமிங்கைத் தொடுவதே இல்லை, அது உங்கள் வேலை.

ஃபியூல்பேக் எஃப்பி3, எஃப்பி4

வான்ஸ் அண்ட் ஹைன்ஸின் இந்தக் கருவி கட்டைவிரல் அளவுதான். திரை கிடையாது, உங்கள் ஃபோன்தான் திரை. அதே போர்ட்டில் செருகி, புளூடூத்தில் இணைத்து, சைலன்சரையும் ஃபில்டரையும் ஆப்பில் தேர்ந்தெடுத்தால் பொருத்தமான மேப் இணையத்திலிருந்து இறங்கும். சிக்னல் இல்லாத ஷெட்டில் உட்கார்ந்து இதைத் தொடங்காதீர்கள்.

இதுவும் இசிஎம்மையே எழுதுகிறது. இதுவும் நேரோபேண்ட் சென்சாரை வைத்தே ஆட்டோடியூன் செய்கிறது. அப்படியானால் ஸ்டேஜ் 1 வண்டியில் இரண்டும் தரும் முடிவு ஏறக்குறைய ஒன்றுதான். ஃபோரங்களில் இரு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை. விட்டதும் வெடிக்கும் சத்தத்தைக் குறைக்க ஆப்பிலேயே ஒரு தெரிவு இருக்கிறது. பவர் விஷனில் அதே வேலைக்குக் குறைந்த திறப்புக் கட்டங்களைத் தேடிப் பெட்ரோல் கூட்ட வேண்டும்.

வித்தியாசம் பிறகு தெரியும். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றினால், சிசி கூட்டினால், அட்டவணையைத் திறந்து கட்டம் கட்டமாகத் திருத்தும் சுதந்திரமும் வைட்பேண்ட் இணைக்கும் வழியும் தேவைப்படும். அங்கே பவர் விஷன் வெகுதூரம் முன்னே. லேப்டாப்பே வேண்டாம், சைலன்சரோடு நிறுத்திக்கொள்வேன் என்பவருக்கு எஃப்பி4 போதும், அவர் பணத்தையும் மிச்சம் பிடிப்பார்.

ஹார்லியின் சொந்தக் கருவி எங்கே என்று கேட்கலாம். ஸ்க்ரீமிங் ஈகிள் சூப்பர் டியூனரை 2016 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடன் செய்த உடன்பாட்டின்படி நிறுத்திவிட்டார்கள். 2008 முதல் விற்ற சுமார் 3,40,000 கருவிகள் வழக்கில் வந்தன, அபராதம் 1.2 கோடி டாலர். அதற்குப் பதிலாக வந்த ஸ்ட்ரீட் டியூனர் புகை விதிக்குள் அடங்குவது. அதில் விகிதத்தை நகர்த்த இடம் குறைவு.

பவர் கமாண்டர், தண்டர்மேக்ஸ்

பவர் கமாண்டர் 5, இசிஎம்மைத் தொடாது. இசிஎம்முக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே அமர்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிக் குறைக்கும். அவிழ்த்தால் வண்டி பழையபடி, இசிஎம்மில் தடயமில்லை. வாரண்டி முடியாதவர்களுக்கு இது பிடிக்கும்.

ஆனால் க்ளோஸ்டு லூப் உள்ள வண்டியில் இது தானே தன்னோடு சண்டை போடும். நீங்கள் ஐந்து சதவீதம் கூட்டினால், சென்சார் ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று சொல்லும், இசிஎம் ஐந்து சதவீதம் குறைக்கும். அதற்காக சென்சார் இடத்தில் ஏமாற்றுப் பிளக் போட வேண்டும். போட்டால் மலைக்கும் மழைக்கும் ஏற்றாற்போல் வண்டி தானே திருத்திக்கொள்ளும் வசதி போயிற்று. சீட்டுக்கு அடியில் கூடுதலாக நான்கைந்து கனெக்டர்கள் வேறு, நாளடைவில் துரு பிடிப்பது அங்கேதான். போர்ட் வழியாக எழுத முடிகிற வண்டிக்கு இதை வாங்கக் காரணம் தெரியவில்லை.

தண்டர்மேக்ஸ் நேர் எதிர். கம்பெனி இசிஎம்மையே கழற்றிவிட்டு அதன் இடத்தில் அமரும், ஆட்டோடியூன் தொகுப்போடு வைட்பேண்ட் சென்சார்களும் வரும். மேனிஃபோல்டு அழுத்தத்தை விட்டு த்ராட்டில் திறப்பையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்கிடுவதால், பெரிய கேம் போட்டு ஐடிலிங்கில் அழுத்தம் தாறுமாறாக ஆடும் இன்ஜினுக்கு ஏற்றது. ஸ்டேஜ் 1-க்கு இது கோழிக்குஞ்சை அறுக்கக் கோடாலி. வாங்கினால் பழைய இசிஎம்மை விற்காதீர்கள், இது செத்தால் வீடு சேர அதுதான் வழி.

சென்சார் பொய் சொல்லும் இடங்கள்

எந்தக் கருவியானாலும் ஆட்டோடியூன் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்று தப்பாகச் சொல்கிறது.

ஹெட்டில் பைப் சேரும் கேஸ்கெட் கசிந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சாருக்கு ஆக்சிஜன் தெரியும், ஆட்டோடியூன் பெட்ரோலைக் கூட்டும், வண்டி கறுப்புப் புகை விடும். சைலன்சர் மாற்றும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுவது இதற்கு முதல் காரணம். விட்டதும் வெடிக்கும் சத்தத்துக்கும் பாதி நேரம் இதே கசிவுதான் மூலம், மேப்பில் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் அடங்காது.

குட்டையான, உள்ளே தடுப்பில்லாத பைப்புகளில் கசிவே இல்லாமலும் இது நடக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் பைப்பின் வாய் வழியாகவே காற்று பின்னோக்கி ஏறி சென்சாரைத் தொடும். 750 முதல் 1,250 ஆர்பிஎம் வரையுள்ள கட்டங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறிக்கொண்டே போய், பக்கத்துக் கட்டங்களைவிட மேடு போல நிற்கும். அந்த மேட்டை நம்பாதீர்கள். 1,500 ஆர்பிஎம் கட்டங்களின் சரிவைப் பின்பற்றிக் கையால் இறக்குங்கள்.

இன்டேக் சீல் கசிந்தால் உண்மையிலேயே லீன் ஆகும். ஐடிலிங்கில் சீலைச் சுற்றிக் கொஞ்சம் கார்ப் க்ளீனர் அடித்தால் ஆர்பிஎம் மாறுகிறதா என்று பாருங்கள். சூடான பைப்பில் படாமல் அடிக்க வேண்டும், தீப்பிடிக்கும்.

நம் ஊர் பங்கில் நிரப்பினால்

இந்தக் கருவிகளோடு வரும் மேப்புகள் அமெரிக்க பெட்ரோலுக்கு எழுதியவை. அங்கே பொதுவாகப் பத்து சதவீத எத்தனால், கலவையின் சமநிலை 14.1 பக்கம். இந்தியாவில் இப்போது இ20 (இருபது சதவீத எத்தனால்), சமநிலை 13.5 பக்கம். அதே மேப்பை இங்கே ஏற்றினால் ஓபன் லூப் கட்டங்கள் சுமார் நான்கு சதவீதம் லீனாக ஓடும். நேரோபேண்ட் சென்சார் சமநிலையைத்தான் பார்க்கிறது, எண்ணை அல்ல. ஆகவே ஆட்டோடியூன் ஓட்டிய கட்டங்கள் தாமே சரியாகிவிடும். ஓட்டாத கட்டங்கள் ஆகாது. தயார் மேப்போடு நிறுத்துபவர் குறைந்தபட்சம் முழுத் திறப்புக் கட்டங்களின் விஇ எண்ணை நான்கு சதவீதம் கூட்ட வேண்டும்.

அமெரிக்க பங்கில் 91 என்று எழுதியிருப்பதை இங்கே எழுதியிருக்கும் 91-ஓடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அளக்கும் முறை வேறு, அவர்களுடைய 91 நம் கணக்கில் 95-ஐ ஒட்டியது. வெயில் காலத்தில் சாதாரண பெட்ரோலில் மேட்டில் ஏறும்போது டிக் டிக் என்று கேட்டால், பெட்ரோலைக் கூட்டுவதற்கு முன் டைமிங்கைக் குறையுங்கள்.

செகண்ட் ஹேண்டில் டியூனர் வாங்குபவருக்கு: பவர் விஷனும் ஃபியூல்பேக்கும் முதலில் எழுதிய வண்டியோடு பூட்டிக்கொள்ளும். விற்பவர் தன் வண்டிக்குக் கம்பெனி மேப்பைத் திரும்ப ஏற்றினாரா, உங்கள் வண்டிக்குப் புது லைசென்ஸ் வாங்க முடியுமா என்று தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது இசிஎம் அப்டேட் செய்யாதீர்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். செய்துவிட்டால் நான்கு சுற்று ஓட்டிக் கற்ற மேப் அழிந்து கம்பெனி எண்கள் திரும்ப வந்திருக்கும்.