லீவரா, பட்டனா? படுவான்கரைக்கு எந்த ஃபோர் வீல்

மாரி பிடித்தால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எங்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்குப் போகிற கிறவல் பாதை இரண்டு மழையில் களியாகிவிடும். விதைநெல்லும் உரமும் வயல் வாடிக்குப் போய்ச்சேர ஃபோர் வீல் இல்லாமல் முடியாது. வாகனம் மாற்றப் பார்த்தபோது என் காசுக்கு இரண்டு டபுள் கெப்கள் எட்டின. ஒன்று 1990களின் ரொயோட்டா ஹைலக்ஸ், 2.8 டீசல். முன் பின் சில்லுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டியான ட்ரான்ஸ்பர் கேஸுக்குத் தனி லீவர், முன் சில்லுகளை அக்சிலோடு பூட்டக் கையால் திருகும் ஹப். மற்றது வயதில் நன்றாக இளையது, டாஷ்போர்டில் பட்டன். "ஏன்கா இந்தப் பழசு?" என்று மச்சான் கடைசிவரை கேட்டார். நான் பழசைத்தான் எடுத்தேன்.

ஏசி, இருக்கை, ஓட்டச் சுகம் எல்லாவற்றிலும் புதியதுதான் மேல். விலை விழும் பயம் அப்போது இரண்டிலும் பெரிதாக இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல் திரும்பத் திறக்கும் வரை பழைய டபுள் கெப்புக்கும் நல்ல கிராக்கி இருந்தது.

இரண்டிலும் இந்த ட்ரான்ஸ்பர் கேஸ் பெட்டி செய்கிற வேலை ஒன்றே. கியர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற சுழற்சியை முன் ஷாப்டுக்கும் பின் ஷாப்டுக்கும் பிரிக்கிறது. 4எச் (நாலு சில்லும் இழுக்கிற சாதாரண வேக நிலை) போட்டால் இரண்டு ஷாப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். 4எல் (நாலு சில்லும் இழுக்கிற மெதுவேக நிலை) போட்டால் வேகம் குறைந்து இழுவை கூடும். என் ஹைலக்ஸில் அது 2.28 மடங்கு. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடத் தூரம் ஓட வேண்டும். களியில் ரயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு உள்ளே ஏறி, லீவர் திரும்ப 2எச்சுக்கு (பின் சில்லு மட்டும் இழுக்கிற நிலை) வராது. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது பெட்டிக்குள் இருப்பதல்ல, அதை மாற்றுகிற கை. லீவர் என்றால் என் கையின் பலம் இரும்புக் கம்பி வழியாக நேரே உள்ளே கியரை நகர்த்துகிற ஃபோர்க்குக்குப் போகிறது. பட்டன் என்றால் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டர், அதற்குள் எந்த நிலையில் இருக்கிறோம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சர், வயர், கனெக்டர். இவை எல்லாம் வாகனத்தின் அடிவயிற்றில் தொங்குகின்றன. எங்கள் பக்கம் வெள்ளத்தோடு வாவியின் உவர்நீரும் கலந்து ரோட்டில் ஏறும். கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சணம் மாதிரித் துரு பிடித்தால் கம்ப்யூட்டருக்கு நிலை தெரியாது. லைட் மின்னிக்கொண்டே நிற்கும், கியர் மாறாது. இதைவிட மோசமானது, 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் உள்ள நியூட்ரலில் மோட்டர் நின்றுபோவது. அப்போது எந்தக் கியர் போட்டாலும் வாகனம் அசையாது. ஹேண்ட் பிரேக் விட்டால், கியரில் இருந்தாலும் உருளும். பக்கத்து வட்டைக்காரர் ஒருவருடையது அப்படி நின்று, உழவு மெசின் வந்துதான் இழுத்தது. மோட்டர் இங்கே கிடைக்கவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது தேடி எடுத்து வர ஒரு கிழமை போனது. அது அறுவடைக் கிழமை.

லீவருக்கும் நோய் உண்டு. அடியிலுள்ள புஷ் தேய்ந்தால் லீவர் ஆடும், சுமையில் கியர் கழன்று விழும். ரப்பர் உறை கிழிந்தால் சேறு ஏறும். ஹப்பை வருடக்கணக்காகத் திருகாமல் விட்டால் இறுகிவிடும். ஆனால் இவை எங்கள் கராஜ் பாஸ் ஒரு பகலில் முடிக்கிற வேலைகள்.

தண்ணீர் இரண்டுக்கும் பொது எதிரி. ஓடிச் சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கும். மூச்சுக் குழாய் நீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரான் புலிபாய்ந்தகல் பக்கம் வெள்ளத்தில் போய்வந்த பிறகு நான் ஒயில் பிளக்கைத் திறந்து பார்த்தேன். பால் தேத்தண்ணி நிறம். அன்றே மாற்றினேன். பெயாரிங் பிழைத்தது. பிறகு மூச்சுக் குழாயை எஞ்சின் அறை வரை உயர்த்திக் கட்டினேன்.

இனி மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட். 1991 பஜேரோவில் வந்த இந்த ஏற்பாட்டில் முன் பின் ஷாப்டுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் ஒன்று நடுவில் இருப்பதால் நனைந்த தார் ரோட்டிலும் 4எச்சில் ஓடலாம். மழையில் கொழும்புக்கு அடிக்கடி போகிறவருக்கு அதுதான் சரி. இதில் என் ஹைலக்ஸ் அதற்குப் பக்கத்திலும் வராது. சூப்பர் செலக்டில் முன் ஷாப்டை ஓட்டுவது செயின். நீண்டுபோன செயின் சுமை ஏறும்போது பல் தாண்டி 'கடக்' என்னும். நண்பரின் பஜேரோவில் பாணமை வழியாக ஒகந்தைக்கு ஒருமுறை போய்வந்ததுதான் என் அனுபவம். அதன் பராமரிப்பைச் சொல்ல அது போதாது.

பழைய லீவர் வாகனம் பார்க்கப் போனால் மணல் பாதைக்குக் கொண்டுபோங்கள். முதலில் ஹப் இரண்டையும் திறந்து வைத்து 4எச் போட்டு மெதுவாக ஓட்டச் சொல்லி, ஓரமாக நின்று அடியைப் பாருங்கள். முன் ஷாப்ட் சுழன்றால் பெட்டி பூட்டுகிறது. பிறகு ஹப்பைப் பூட்டியும் முன் சில்லு இழுக்காவிட்டால் பழுது பெட்டியில் இல்லை, ஹப்பில் அல்லது முன் அக்சிலில். அந்தக் காசை விலையில் குறைக்கச் சொல்லலாம்.