ஒட்டுசுட்டான் பக்கத்து எண்ணெய்ச் செக்கு: எந்தப் போத்தலை எடுப்பது?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், ஒட்டுசுட்டான் பக்கமாக இயங்கும் சிறிய செக்கொன்றில் நல்லெண்ணெய், கச்சான் எண்ணெய், தேங்காயெண்ணெய் ஆகிய மூன்றும் ஆட்டி விற்கப்படுகின்றன. எள்ளும் கச்சானும் பெரும்பாலும் வன்னிக் காணிகளிலேயே விளைந்தவை. பிண்ணாக்கை மாடு வளர்ப்போர் அங்கேயே வந்து எடுத்துச் செல்கின்றனர். கடைகளில் விற்கும் பாம் எண்ணெயைவிட இங்கே விலை கூடுதல்தான். ஆயினும் நல்லெண்ணெயைப் பொறுத்தவரை அந்த விலை தகும்.

அதன் நிறம் இளம் தேன் நிறம். சூடேறும்போது எள்ளு மணம் எழுகிறதே தவிர, காறல் இல்லை. நல்லெண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 15 வீதமே நிரம்பிய கொழுப்பு. மிகுதி, ஒலெயிக் அமிலம், லினோலெயிக் அமிலம் என்ற இரண்டு நிரம்பாத கொழுப்பமிலங்களாக ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்திருக்கிறது. இவற்றுள் லினோலெயிக் அமிலத்தை நமது உடலால் ஆக்க முடியாது. கலங்களின் மென்சவ்வுக்கும் தோலின் நீர்காப்புக்கும் வேண்டிய அதை உணவிலிருந்துதான் பெற வேண்டும். இத்தகைய நிரம்பாத எண்ணெய்கள் விரைவில் காறிவிடும் இயல்புடையவை. நல்லெண்ணெய் நாள்பட நிற்பது எள்ளிலேயே உள்ள ஒட்சியேற்றத் தடுப்பிகளால். பெரியபிள்ளையான பெண்ணுக்கு முட்டையோடு நல்லெண்ணெய் கொடுக்கும் நம்மவர் வழக்கத்திலும் பொருளுண்டு: மஞ்சட்கருவிலுள்ள ஏ, டீ விற்றமின்கள் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்கு உறிஞ்சப்படும். (முட்டையைப் பச்சையாகக் கொடுப்பதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.)

கச்சான் எண்ணெயை வாங்குவதற்கு முன்னர் பின்புறக் கொட்டிலை எட்டிப் பார்த்தேன். ஓர் அம்மா சுளகில் பருப்பைப் பரப்பி, சுருங்கியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஈரம் போகக் காயாத கச்சானில் வளரும் பூஞ்சணம், ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நச்சை உண்டாக்கும். சுத்திகரிக்கப்படாத எண்ணெயில் அது தங்கிவிடவும் கூடும். ஆதலால் இந்த எண்ணெயின் தரம் செக்கைவிட அந்தச் சுளகிலேயே கூடுதலாகத் தங்கியிருக்கிறது. இதன் பாதியளவு, சூட்டில் லினோலெயிக் அமிலம்போல் எளிதில் கெடாத ஒலெயிக் அமிலம் என்பதால் பொரிப்பதற்கு ஏற்றது. மணம் மட்டும் முறிகண்டியில் வாங்கும் வறுத்த கச்சானை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

என் குறை தேங்காயெண்ணெய் பற்றியது; எண்ணெயை அல்ல, அதை விற்கும் முறையைச் சொல்கிறேன். “அண்ணை, இதில கொலஸ்திரோல் துளிகூட இல்லை, பயப்படாமல் பாவியுங்கோ” என்றார் விற்பனையில் நின்ற தம்பி. போத்தலின் ஒட்டியிலும் அவ்வாறே அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லத்தக்க அளவில் கொலஸ்திரோல் இல்லை. இரத்தத்தில் அது கூடுவதற்கு உணவிலுள்ள நிரம்பிய கொழுப்பே பெருங்காரணம். தேங்காயெண்ணெயிலோ அது ஏறத்தாழ 90 வீதம். அதிற் பாதியளவான லோரிக் அமிலம் நல்ல கொலஸ்திரோலைக் கூட்டுவது போலவே கெட்டதையும் கூட்டுகிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் நிரம்பிய கொழுப்பை 22 கிராமுக்குள் நிறுத்துவது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு இசைந்தது. இந்த எண்ணெயின் ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 12 கிராம் போய்விடும். சொதி, பால்கறி, சம்பல், புட்டு என்று தேங்காய் ஏற்கெனவே நமது கோப்பையை நிறைத்திருக்கையில், தாளிப்பதற்கும் அதுவே வேண்டுமா என்பதை வீட்டாரே கணக்குப் பார்க்கட்டும்.

கொழுப்பு என்றாலே ஒதுக்க வேண்டும் என்பதும் என் கருத்தன்று. ஒரு கிராமில் 9 கலோரி தருவதால் வயல் வேலை செய்பவருக்கு அது பெரிய சேமிப்பு. ஆனால் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய நீண்ட ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் இக்கடையின் எந்தப் போத்தலிலும் கிடையா. அவற்றுக்கு முல்லைத்தீவுக் கரையில் இறங்கும் சூடையும் சாளையுமே வழி.

இன்னொன்று, போத்தல்களை வெயில் படும் முன்தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். ஒளியும் சூடும் எண்ணெயைக் காறச் செய்யும். கேட்டால் உள்ளே இருக்கும் கொள்கலத்திலிருந்து ஊற்றித் தருவார்கள். மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலொன்றை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு போவது நல்லது. அரைப் போத்தலும் அளந்து கொடுக்கிறார்கள்.