‘முழு செட்’ என்று ரீலோடிங் சாமான் விற்கிறார்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இங்கே டெக்சஸில் கன் ஷோ என்கிற துப்பாக்கிச் சந்தைகளுக்குப் போனால், "ரீலோடிங் ஸ்டார்ட்டர் செட், எல்லாம் உள்ளே இருக்கு, வீட்டுக்குப் போய் ஆரம்பிக்க வேண்டியதுதான்" என்று பழைய சாமான்களை ஒரு பெட்டியில் கட்டி விற்கிற டேபிள் ஒன்றிரண்டு கண்ணில் படும். அப்படி ஒரு டேபிளில் 450 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கி வந்த செட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பெட்டியில் இருந்ததை லேபிளை நம்பி அப்படியே பயன்படுத்தியிருந்தால் விரலோ கண்ணோ போயிருக்கும். அந்த ஆளோ இன்னும் அதே மாதிரி பெட்டிகளைக் கட்டி விற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொழுதுபோக்கைக் கேள்விப்படாதவர்களுக்கு: சுட்டபின் வெளியே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, அடியில் இருக்கும் பழைய பிரைமரை (அடி பட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடி) தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்தி, பவுடரை, அதாவது வெடிமருந்தை, அளந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்தினால் மறுபடி ஒரு தோட்டா. சொந்த உபயோகத்துக்குச் செய்ய அமெரிக்காவில் மத்திய அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை, செய்து விற்பதையே தொழிலாக வைத்துக்கொண்டால்தான் ஏடிஎஃப் (ஆயுதங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு) உரிமம் வேண்டும். அதனால் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்ச்களில் பார்க்கும் பெரியவர்களில் பாதிப் பேர் கராஜில் ஒரு பெஞ்ச் போட்டு இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

நம்மவர்களுக்காக நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சொல்வதில்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் மத்திய சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை, காலிக் கூடு, பிரைமர், குண்டு, பவுடர் எல்லாமே அதற்குள் வந்துவிடும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனாலும் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்காதீர்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் இதில் கால் வைத்தேன். அப்புறம், ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போகவே போகாதீர்கள். மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் கேஸ்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டேபிள்காரர் நன்றாகப் பேசினார், அதில் குறையே சொல்ல முடியாது. ரிட்டையர் ஆன ஒருவர் வீட்டிலிருந்து மொத்தமாக எடுத்த சாமான் என்றார். பெட்டிக்குள் ஒரு சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் கை அழுத்தி), 9 எம்எம் தோட்டாவுக்கான டை செட் (பிரஸ்ஸில் மாட்டும் அச்சுகள்), பழைய தட்டுத் தராசு, முக்கால்வாசி நிறைந்த இரண்டு பவுடர் டப்பா, காபி டின் ஒன்று நிறைய பிரைமர், "ஒரே ஒரு முறை சுட்டது" என்று ஆயிரம் பித்தளைக் கூடு, கூடவே கையால் எழுதிய ஒரு நோட்டு. "இந்த நோட்டுல இருக்கிற அளவைப் போட்டாப் போதும், புத்தகமே வாங்க வேண்டாம்" என்பது அவர் கொடுத்த போனஸ். கடையில் வாங்குவதில் பாதி விலைக்குத் தோட்டா தயாராகிவிடும் என்றும் சொன்னார். அந்தப் பாதி விலைக் கணக்கே பொய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த பவுடர். ஒரு டப்பாவில் டைட்குரூப் என்று கம்பெனி லேபிள் ஒட்டியிருந்தது. அது கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் போடுகிற, மிக வேகமாக எரிகிற பவுடர். பொடிப்பொடியான மணிகளாக இருக்கும், ஒரு தோட்டாவுக்குக் கொஞ்சம்தான் பிடிக்கும். கொஞ்சம் பிடிக்கிறது என்பதே ஒரு ஆபத்து, ஏனென்றால் தெரியாமல் இரண்டு முறை போட்டுவிட்டால்கூட கூடு வழியாமல் உள்ளே அடங்கிவிடும், மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது. நான் அந்த டப்பாவை எங்கள் ரேஞ்சில் முப்பது வருஷமாக ரீலோடிங் செய்கிற ஒரு பெரியவரிடம் காட்டினேன். வெள்ளைக் காகிதத்தில் ஒரு ஸ்பூன் கொட்டிப் பார்த்தார், பார்த்த மாத்திரத்தில் மூடியைத் திருகிவிட்டார். உள்ளே இருந்தது தட்டைத் தட்டையான செதில்கள், நடுநடுவே குச்சி குச்சியாக வேறு ஏதோ. செதில் ஒரு வகை, மணி ஒரு வகை, குச்சி ஒரு வகை. குச்சி பெரும்பாலும் ரைஃபிள் பவுடர். யாரோ மிச்சம் மீதியை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டியிருக்கிறார்கள், அதன் மேல் ஒரு லேபிள்.

இது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று புரிய, பவுடர் பெயர்களில் இருக்கிற சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும். 4831 என்ற எண்ணில் ஐஎம்ஆர் பெயரில் ஒன்று வருகிறது, ஹாட்ஜ்டன் பெயரில் எச் போட்டு ஒன்று வருகிறது. எண் ஒன்றுதான், எரியும் வேகம் வேறு, ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக்கூடாது. 4895-ம் அப்படியே. இந்தப் பக்கம் பார்த்தால் எச்பி-38, வின்செஸ்டர் 231 என்று பெயர் இரண்டு, பவுடர் ஒன்றே. சீல் உடையாத டப்பாக்களிலேயே இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. கலந்து கொட்டிய டப்பாவுக்கு உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் அளவு கிடையாது, எந்தப் பரிசோதனையும் செய்து கண்டுபிடிக்கவும் முடியாது. தூக்கிப்போடுவது ஒன்றுதான் வழி.

இரண்டாவது டப்பாவில் வேறு கதை. திறந்தவுடன் ஒரு காரமான நெடி, உள்ளே துருத் தூள் மாதிரி செம்பழுப்பாகப் படிந்திருந்தது. நல்ல பவுடர் லேசாக ஸ்பிரிட் வாசனை அடிக்கும், மூக்கைத் துளைக்காது. இது கெட்டுப்போன பவுடருக்கு உரிய அடையாளம். சூடான கராஜில் வருஷக்கணக்கில் கிடந்திருக்கும். ஹூஸ்டன் வெயிலில் கராஜ் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

காபி டின் பிரைமரைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கெட்ட வார்த்தையே சொல்லிவிட்டார். கம்பெனி டப்பாவில் பிரைமர்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் படுத்திருக்கும், அது அழகுக்காக இல்லை. ஒன்று வெடித்தால் பக்கத்தில் உள்ளவற்றுக்குத் தாவக்கூடாது என்பதற்காக. டின்னில் மொத்தமாகக் கொட்டி, காரில் போட்டுக் குலுக்கிக்கொண்டு போவது வெடிகுண்டை மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரிதான். போதாததற்கு சின்னது பெரியது கலந்திருந்தது. கம்பெனி அட்டை இல்லாததால் பிஸ்டலுக்கா ரைஃபிளுக்கா, சாதாரணமா, கூடுதல் தீ தரும் மேக்னமா என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

பித்தளைக் கூட்டுக்கு வருவோம், இதில்தான் புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பளபளவென்று கழுவி வைத்தால் எல்லாம் புதிது போலத்தான் இருக்கும். ஒரு காந்தத்தை எடுத்துக் குவியலுக்குள் விட்டேன், கொத்தாக ஒட்டிக்கொண்டு வந்தது. பித்தளை முலாம் பூசிய இரும்புக் கூடுகள். மேலே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நல்ல கூடுகளைப் பரப்பி, அடியில் அலுமினியம், இரும்பு, நடுவில் .380 என்கிற வேறு அளவுத் தோட்டாவின் கூடுகள். .380-ன் கூடு நீளம் 17 மில்லிமீட்டர், 9 எம்எம்-முடையது 19. சும்மா பார்த்தால் கண் ஏமாந்துவிடும், டையில் போய்த்தான் தகராறு தெரியும். சிலவற்றுக்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளை, அது பெர்டான் வகை, தட்டி எடுக்கப் போனால் டையின் ஊசி உடையும். இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சிய கூடுகளில், புது பிரைமரை அழுத்தினால் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறவை நிறைய. பலமுறை சுட்டுச் சுட்டுக் குழி தளர்ந்தவை. ஒரே ஒரு முறை சுட்டதாம்!

தராசு நல்ல கம்பெனிதான், தட்டு மட்டும் வேறு தராசினுடையது. இந்த வகைத் தராசில் தட்டும் தண்டும் ஜோடியாகச் சமன் செய்யப்பட்டவை, மாற்றினால் ஜீரோவுக்கே வராது, வரவும் இல்லை. பவுடர் அளப்பது கிரெய்ன் என்ற அளவில், ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன், அதில் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து அளக்கிற வேலைக்கு இந்தத் தராசு. பிரஸ் பரவாயில்லை, டையும் பரவாயில்லை. நியாயமாகப் பார்த்தால் 450 டாலரில் 120 டாலர் அளவுக்குத்தான் உருப்படியான பொருள்.

டேபிள்காரருக்கு போன் செய்தேன். முதல் தடவை எடுத்து, "அஸ் ஈஸ்னு ரசீதுலயே எழுதியிருக்கு, பாருங்க" என்றார், அதாவது இருக்கிறபடியே வாங்கியது, பொறுப்பு என்னுடையது இல்லை என்று. பார்த்தேன், மூலையில் பென்சிலில் கிறுக்கியிருந்தது உண்மைதான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. ஷோ நடத்துபவர்களைக் கேட்டால், "நாங்க டேபிள் வாடகைக்கு விடுறோம், அவ்வளவுதான்" என்று கையை விரித்தார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் போட்டிருக்கிறேன். கார்டில் கொடுத்திருந்தால் வங்கி மூலம் திரும்பக் கேட்டிருக்கலாம், ஆனால் அந்த டேபிளில் கார்டே வாங்குவதில்லை, அதற்கான காரணம் இப்போது புரிகிறது.

ஆன்லைனில் வாங்குவது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், அங்கே இன்னொரு கூட்டம். 2020-ல் ஆரம்பித்த தட்டுப்பாட்டில் பிரைமர் எங்கேயுமே கிடைக்காமல் போனது. அதற்கு முன்னால் ஆயிரம் 30 டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது, கைமாற்றில் 100, 150, அதற்கு மேலும் போனது. அந்தச் சமயத்தில் முளைத்த போலித் தளங்கள் இன்னும் சாகவில்லை. டல்லாஸில் இருக்கும் என் நண்பன் ஒருவன் அப்படி ஒரு தளத்தில் ஆயிரம் 35 டாலர் என்று பார்த்து ஐயாயிரத்துக்கு ஆர்டர் போட்டான். பணம் ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் வழி) அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினான். இரண்டு நாள் கழித்து, "உங்க பார்சலுக்கு இன்சூரன்ஸ் கட்டணும், டெலிவரி ஆனதும் திருப்பித் தந்துடுவோம்" என்று இன்னும் 200 டாலர் கேட்டார்கள். "மச்சி, இது திருட்டுப் பசங்கடா, நிறுத்து" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினான். முதலில் போனது போனதுதான். கண்டுபிடிக்க எளிதான அடையாளம் ஒன்று உண்டு: பவுடரும் பிரைமரும் அபாயப் பொருள், உண்மையான கடைகள் அதற்கென்று பார்சலுக்குத் தனிக் கட்டணம் போடும், போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று ‘சலுகை’ விளம்பரமாவது செய்யும். அமெரிக்கத் தபால் துறை இரண்டையும் வாங்கவே வாங்காது. எனவே ஒரு தளம் தபாலில் இலவசமாக அனுப்புகிறேன் என்றாலோ, பிட்காயின், ஜெல் தவிர வேறு வழியில் பணம் வாங்க மாட்டேன் என்றாலோ, பக்கத்தை மூடிவிடுங்கள்.

இப்போது அந்தப் பாதி விலைக் கணக்கு. 9 எம்எம் தோட்டா கடையில் ஒன்று கால் டாலர் வாக்கில் கிடைக்கிறது. கூடு சும்மா கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் பிரைமர், குண்டு, பவுடர் சேர்த்தால் 16, 18 சென்ட் வந்துவிடும். போட்ட முதலை எடுக்க ஆயிரக்கணக்கில் சுட வேண்டும், நம் நேரத்துக்குக் கூலி போடாமல். உண்மையில் மிச்சம் பிடிப்பது .44 மேக்னம், .45 கோல்ட், 6.5 கிரீட்மோர் போன்ற விலை கூடிய தோட்டாக்களை விரும்பிச் சுடுகிறவர்கள்தான், கடையில் அவை ஒவ்வொன்றும் ஒரு டாலருக்குக் கிட்டவோ மேலேயோ போகும். 9 எம்எம்-மில் பணம் மிச்சமாகும் என்று சொல்லி முழு செட் தள்ளுகிறவர் மற்ற விஷயத்தில் மட்டும் உண்மை பேசுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆரம்பிக்கிறவர்கள் பழைய சாமானே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இரும்புச் சாமான் பழையது தாராளமாக வாங்கலாம், நல்ல பிரஸ் இரண்டு தலைமுறை உழைக்கும். தராசு வாங்கினால் கூடவே சோதனை எடைக் கற்கள் ஒரு செட் வாங்கிவிடுங்கள், டிஜிட்டல் ஆனாலும் சரி. பவுடரும் பிரைமரும் மட்டும் சீல் உடையாத கம்பெனி டப்பா, கம்பெனி அட்டை. திறந்த டப்பா இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அளவுக்கு ஹார்னடி, லைமன் மாதிரி கம்பெனிகள் வெளியிடுகிற கையேட்டில் ஒன்று, அல்லது பவுடர் கம்பெனியின் சொந்த விவரம். யாரோ எழுதிய நோட்டு வேண்டாம், அவர் நல்லவராகவே இருந்தாலும். அவர் துப்பாக்கி வேறு, உங்கள் துப்பாக்கி வேறு. டேபிளில் ஜிப்லாக் பையில் போட்டு ‘ரீலோட்’ என்று தயார்த் தோட்டா விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அதற்குள் என்ன பவுடர் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரிந்திருக்கும் என்பது நிச்சயமில்லை.

ஷோவுக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள், பித்தளைக் குவியலின் அடியில் கையை விட்டு எடுத்துப் பாருங்கள். பார்க்க விடமாட்டேன், ரொக்கம் மட்டும்தான் வாங்குவேன், முழு செட்டாகத்தான் தருவேன் என்று மூன்றையும் ஒருவரே சொன்னால் அப்படியே நகர்ந்துவிடுங்கள். பக்கத்து டேபிளில் பீஃப் ஜெர்க்கி விற்பார்கள், அதையாவது வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்குப் போகலாம்.