ஸ்ட்ரிப்பிங் பேஸ்கட்: கடலோரத்தில் ஒரு முழு நாள் கட்டிப் பார்த்த பிறகு

மீன் பிடிக்கிற ராட் (தூண்டில் கோல்), ரீல் (லைன் சுற்றும் உருளை) பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கையால் இழுத்த லைன், அதாவது தூண்டில் கயிறு, விழுவதற்காக இடுப்பில் கட்டும் இந்தப் பிளாஸ்டிக் தொட்டியைப் பற்றித்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இலையுதிர் காலத்தில் கடலோரம் நின்று ஃப்ளை (இறகும் நூலும் கட்டிச் செய்த போலி இரை) வீசப் போகிறீர்கள் என்றால், அடுத்த ராட் வாங்கச் சேர்க்கும் பணத்தில் முதலில் இதை வாங்குங்கள் என்பதே என் கருத்து.

கடல் ட்ரவுட் மீன் தேடி மூன்று பேர் விடியற்காலையிலேயே தண்ணீரில் இறங்கினோம். மூவரிடமும் 9 அடி ராட், இன்டர்மீடியட் லைன். என்னிடம் உள்ளே கூம்பு கூம்பாக நிற்கும் கெட்டித் தொட்டி, ஒரு நண்பரிடம் மடித்துப் பையில் வைக்கிற வலைத் தொட்டி, இன்னொருவரிடம் எதுவும் இல்லை. காலையில் கடல் அமைதியாக இருந்ததால் மூவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பத்து மணிக்கு மேல் காற்று கரையை நோக்கித் திரும்பி அலை எழுந்ததும்தான் விஷயம் புரிந்தது. இன்டர்மீடியட் லைன் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது, மெதுவாக மூழ்கும், அதனால் இழுத்து விட்ட லைன் கால்மாட்டிலேயே இறங்கி, காற்று அறுத்துக்கொண்டு வந்த பாசியிலும் கல்லிலும் பூட்ஸிலும் சுற்றிக்கொள்ளும், அடுத்த வீச்சு பாதி தூரத்திலேயே வெடுக்கென்று நின்றுவிடும். தொட்டி இல்லாத நண்பர் மீன் பிடித்த நேரத்தைவிட லைனைப் பிரித்த நேரம்தான் அதிகம், பார்க்கவே பாவமாக இருந்தது.

என் தொட்டியில் லைன் வளையம் வளையமாக விழுந்து, கூம்புகள் தடுப்பதால் ஒன்றன்மேல் ஒன்று சரியாமல் அப்படியே கிடக்கிறது. வீசும்போது தடங்கல் இல்லாமல் கிளம்பிப் போகிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று: ராட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்கலாம், ஃப்ளை நடுவில் நிற்காமல் ஒரே சீராக ஓடும், லைன் தானாகத் தொட்டிக்குள் விழும். மதியம் ஒரு மணி நேரம் என் தொட்டியை, அது இல்லாத நண்பருக்குக் கட்டிவிட்டேன், அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவருக்கு அன்றைய ஒரே மீன் கிடைத்தது. பழுப்பேறிய மீன், முட்டையிட ஆற்றுக்குப் போகிற பருவம், தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டார்.

வலைத் தொட்டி எடுத்துப் போக வசதிதான். ஆனால் அலை மோதினால் உள்பக்கம் மடங்கி லைனை ஒரே உருண்டையாக்கிவிடுகிறது. அமைதியான தண்ணீருக்குச் சரி, காற்றுக்கு ஆகாது.

என் கெட்டித் தொட்டியிலும் குறைகள் உண்டு. அடியில் உள்ள ஓட்டைகள் ரொம்பச் சிறியவை, பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும், அவ்வப்போது விரலால் குத்திவிட வேண்டும். தொடை ஆழம் வரைதான் நிம்மதி, இடுப்புக்கு மேல் போனால் தொட்டி மிதந்து நெஞ்சை இடிக்கிறது. குளிரில் சுருள் சுருளாக விறைத்து நிற்கும் லைனை இது சரி செய்யாது. வெப்பக் கடலுக்கென்று செய்த லைனைக் குளிர்ந்த தண்ணீருக்குக் கொண்டு வந்தால் எந்தத் தொட்டியும் உதவாது, குளிருக்கான லைன் போட்டு, வீசும் முன் கையால் நீட்டி இழுத்துவிட வேண்டும். அப்புறம் மீன் மாட்டியதும் அவசரப்படாதீர்கள், தொட்டியில் கிடக்கும் லைன் முழுவதும் வெளியே போகும் வரை ஒரு கண் அதன்மேல் இருக்கட்டும், சட்டைப் பொத்தானில் ஒரு வளையம் மாட்டினாலும் மீன் போய்விடும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது இடுப்புப் பட்டையின் பக்கிள். நனைந்ததும் தளர்ந்து தளர்ந்து இறங்கியது, விறைத்த விரலால் அதை இறுக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைத்த பிறகு, பழைய பையிலிருந்து கெட்டியான பக்கிள் ஒன்றை வெட்டியெடுத்து இதில் தைத்துவிட்டேன்.