நுரையீரல் ஏவிஎம் அடைப்பு: காயிலா, பிளக்கா?

நுரையீரல் தமனியும் சிரையும் நடுவில் தந்துகிகள் இல்லாமல் நேரடியாக இணைந்து, பை போல வீங்கி நிற்பதுதான் ஏவிஎம். பலருக்கு இது எச்எச்டி என்ற பரம்பரை நோயோடு சேர்ந்தே வரும். அடிக்கடி மூக்கில் ரத்தம் வடிவது அதன் முக்கிய அடையாளம். தந்துகி என்ற வடிகட்டி இல்லாததால் ரத்தக்கட்டியோ கிருமியோ மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தையோ சீழ்க்கட்டியையோ உண்டாக்கலாம். ஊட்டும் தமனி 2-3 மி.மீ. அகலத்தை எட்டினாலே பொதுவாக அடைத்துவிடுவார்கள்.

தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்துவது காயில், பிளக் இரண்டுக்கும் பொது. அடைக்கும் பொருளில்தான் வித்தியாசம்.

காயில் என்பது இழைகள் கோத்த மெல்லிய கம்பிச்சுருள். மைக்ரோ கதீட்டரில் போகும் என்பதால் எவ்வளவு வளைந்த தமனிக்குள்ளும் நுழையும். ஆனால் ஒன்று போதாது, பலவற்றை நெருக்கமாக அடுக்க வேண்டும். இடைவெளியில் உறைந்த ரத்தம் கரைந்தால் பாதை திரும்பத் திறந்துவிடும். காயிலின் பெரிய பலவீனம் இதுதான். அளவு சிறியதானால் நழுவிச் சிரைக்குள் போய், இதயத்தின் இடப்புறம் வழியாக மூளைக்கே போகலாம். 6 மி.மீ. தமனிக்கு முதல் காயில் 8 மி.மீ. இருக்க வேண்டும். அதன் நுனியைப் பக்கக் கிளையில் மாட்டிவிட்டுச் சுற்றினால் நழுவாது. பிடிக்காவிட்டால் திரும்ப இழுத்துக்கொள்ளக்கூடிய, கழற்றிவிடும் வகைக் காயிலே நல்லது.

பிளக் என்பது நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பியில் பின்னிய வலை. தமனியைவிட 30-50 சதவீதம் பெரியதாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றே போதும். சரியாக உட்காரும்வரை கழற்றாமல் திரும்ப இழுக்கலாம். மீண்டும் திறப்பதும் காயிலைவிடக் குறைவு. வெறும் வலை என்பதால் ரத்தம் உறையச் சில நிமிடங்கள் ஆகும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து கொடுத்திருந்தால் இன்னும் தாமதமாகும். பெரிய பிளக்குக்குத் தடித்த ஷீத் (பிளக்கை உள்ளே கொண்டுபோகும் வெளிக்குழாய்) வேண்டும். வளைவு அதிகமானால் அது ஏறாது. 3 மி.மீ.க்கும் குறைந்த தமனிக்கு மைக்ரோ கதீட்டரில் போகும், பிடிஎஃப்இ (டெஃப்ளான் வகைப் பிளாஸ்டிக்) உறை போட்ட சிறு பிளக் உண்டு.

ஷீத் ஏறினால் பிளக், ஏறாவிட்டால் காயில் என்பதே எங்கள் தேர்வு. எதுவானாலும் பையிலிருந்து 1 செ.மீ.க்குள் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் பக்கக் கிளைகள் பையை மறுபடி நிரப்பிவிடும்.

காற்றுக்குமிழி விஷயத்தில் துளியும் அலட்சியம் கூடாது. கதீட்டரின் பின்முனையை உப்புநீருக்குள் அமிழ்த்தியே, அதை வழிநடத்தும் கம்பியை மாற்ற வேண்டும். குமிழி இதயத் தசைக்கு ரத்தம் ஊட்டும் வலது தமனிக்குள் போனால் நெஞ்சுவலியும் நாடித்துடிப்புக் குறைவும் வரும்.

ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் சி.டி. ஸ்கேன், பிறகு 3-5 ஆண்டுக்கு ஒருமுறை. அடைத்த பிறகும் பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் அவசியம்.