30 செ.மீ. குளோப்: நீலகிரி மலைப் பள்ளிகளுக்கு எது சரி?

பிளஸ் டூ புவியியலுக்கும் பொருளியலுக்கும் சேர்த்து ஒரே ஒரு கருவி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், தயங்காமல் 30 செ.மீ. விட்டமுள்ள, நாடுகளை நிறம் பிரித்துக் காட்டும் குளோப்பை வாங்குங்கள். 20 செ.மீ. உருண்டையில் அளந்து பார்க்க முடியாது. 30 செ.மீ. உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ.; பூமத்திய ரேகையின் நீளம் 40,075 கி.மீ. அதாவது 1 செ.மீ. நூல் 425 கி.மீ. இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால் பாதிப் பாடம் நூலிலேயே நடக்கும்.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது ஒட்டு. தாளைப் பட்டை பட்டையாக வெட்டி உருண்டைமேல் ஒட்டியிருப்பார்கள். இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் கடற்கரைக் கோடு உடைகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 1 மி.மீ. பிசகு என்றால் 42 கி.மீ.; மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் பாதை முழுவதுமே 46 கி.மீ.தான். அடுத்து உருண்டை சுழலும் அச்சுக் கம்பி: பாகைமானியை மேசையில் வைத்தால் 66.5 பாகை காட்ட வேண்டும். பிறகு தேதி. தெற்கு சூடான் (2011), தெலங்கானா (2014), வட மாசிடோனியா, லடாக் (இரண்டும் 2019) இருந்தால் ஓரளவு புதியது. இந்திய எல்லை சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததை என்ன தள்ளுபடி கொடுத்தாலும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது.

மலைகள் புடைத்திருக்கும் வகைக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். இந்த அளவுகோலில் எவரெஸ்டே 0.2 மி.மீ.தான், தொட்டபெட்டா தாளின் தடிமனுக்குக்கூட வராது. விரலுக்குத் தட்டுப்படும் இமயமலை பிள்ளைகள் மனதில் தப்பான பூமியைப் பதிய வைக்கும்.

பளபளப்பு லேமினேஷனைவிட மேட் பூச்சு நல்லது. ஏன் என்பது டார்ச் சோதனையில் தெரியும். அறையை இருட்டாக்கி, வட துருவம் டார்ச்சுக்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சாயும்படி அடித்தட்டைத் திருப்புங்கள். அதுதான் டிசம்பர் 22. பளபளப்பான உருண்டையில் வெளிச்சம் ஒரே புள்ளியாகக் கூசும், பகல்–இரவு எல்லை தெரியாது. டார்ச் உருண்டையின் நடு உயரத்தில், குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 1 மீட்டரில் வைத்தால் கதிர்கள் விரிந்து, பகலை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்துக் காட்டும்; 5 மீட்டரில் பிசகு கால் மணி அளவில் அடங்கிவிடும். இப்போது வெளிச்சத்தில் இருக்கும் தீர்க்கரேகைகளை எண்ணுங்கள், 15 பாகைக்கு ஒரு மணி. நீலகிரியின் 11.4 பாகை அட்சரேகையில் பகல் பதினொன்றே கால் மணிக்குச் சற்று மேல் வரும். அசாமின் 27 பாகையில் பத்தேகால் மணி. பகல் 11 மணி 15 நிமிடத்துக்குக் கீழே இறங்கி வாரக்கணக்கில் நீடித்தால் தேயிலைச் செடி தளிர்விடாது. அசாமில் குளிர்காலத்தில் கொழுந்து நின்றுபோவதும், இங்கே ஜனவரியிலும் குன்னூர் ஏலத்துக்குத் தூள் போவதும் இதனால்தான். கென்யாவின் தேயிலைப் பகுதியான கெரிச்சோ பூமத்திய ரேகையை ஒட்டியே இருக்கிறது. அங்கே பகல் நீளம் மாறுவதே இல்லை. உலகச் சந்தையில் நமக்கு யார் போட்டி, எந்த மாதத்தில் போட்டி என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். எந்த டிஜிட்டல் போர்டும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

அடுத்தது கடல்வழி. கொச்சியிலிருந்து சூயஸ் வழியாக ராட்டர்டாம் வரை நூலைக் கரையோரமாக வளைத்துப் பிடித்தால் 28 செ.மீ. அளவுக்கு வரும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் ஒன்றரை மடங்குக்கு மேல். செங்கடலில் 2023 நவம்பரில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு பல கப்பல்கள் இந்த நீண்ட வழிக்குத்தான் திரும்பின. அந்தக் கூடுதல் எரிபொருளையும் நாட்களையும் யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியை அங்கேயே போட்டுவிடலாம். இழுத்துப் பிடித்த நூல் நிலத்தைக் குறுக்கே வெட்டும்; அதனால் ஒவ்வொரு நிலமுனையிலும் விரல் வைத்துப் பிடிக்க ஒரு மாணவர் வேண்டும்.

கண்டியிலிருந்து கோத்தகிரிக்கு நூல் ஒன்றரை செ.மீ.கூட இல்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழி செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனை குடும்பங்களை இந்த ஒன்றரை செ.மீ. தூரம் நகர்த்தியது, அவர்களுக்காக 1968-இல் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை) தோட்டங்கள் ஏன் தொடங்கப்பட்டன என்பதைக் கூடலூர், கோத்தகிரி வகுப்பறைகளில் சொல்லாமல் விடுவது சரியல்ல. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள்.

அலமாரியில் சோவியத் ஒன்றியம் போட்ட பழைய உருண்டை இருந்தால் ஏலத்தில் தள்ளிவிடாதீர்கள். ஒரு காலத்தில் நீலகிரித் தேயிலையின் பெரிய வாடிக்கையாளராக இருந்தது அந்த நாடுதான். 1991-இல் அது 15 நாடுகளாகப் பிரிந்ததையும், 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை (பறித்த இலை) விலை விழுந்து சிறு விவசாயிகள் தவித்ததையும் விளக்க, இரண்டு உருண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

பராமரிப்பில் மலைக்கென்று ஒரு தொல்லை உண்டு: ஈரம். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதலும் தாள் உப்பி, பூமத்திய ரேகை ஒட்டு வாய் பிளக்கும். அட்டை உருண்டையைத் தவிர்த்து பிளாஸ்டிக் உருண்டையாக வாங்குங்கள். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய அலமாரியில் வையுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தினால் பசை விட்டுப்போகும். அச்சுக் கம்பி துருப்பிடித்து இறுகினால் உருண்டையைப் பலமாகத் திருக வேண்டாம், துளை பெரிதாகி ஆட ஆரம்பிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு இரவு அப்படியே வைத்தால் சரியாகிவிடும்.