திறந்து பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்: வெளிநாட்டுப் படிப்புக்கு முகவரைத் தேடும் பெற்றோருக்கு

பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கும் எண்ணத்தோடு முகவர்களிடம் கட்டணம் விசாரித்துக்கொண்டிருக்கும் மட்டக்களப்புப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் பணம் வாங்கியவரின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் செய்த வேலையை இன்னும் பலர் செய்கிறார்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் நல்லவர்கள் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருபத்தெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவள். அதில் பாதிக் காலம் தபால் பிரிவில். எந்தக் கடிதம் எப்போது வந்தது, யார் கையெழுத்திட்டு வாங்கினார் என்பதெல்லாம் என் பதிவேட்டில் இருக்கும். கடித விஷயத்தில் என்னை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. அந்த நினைப்புக்குத்தான் அடி விழுந்தது.

மகன் உயர்தரம் முடித்ததும் இங்கிலாந்தில் படிக்க ஆசைப்பட்டான். நகரில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். குளிரூட்டிய அறை, தேநீர், வாய் நிறைய "அன்ரி". சேவைக் கட்டணம் 2,85,000 ரூபா என்றார். கூடுதலாக இருக்கிறது, வேறு இடத்திலும் கேட்டுப் பார்க்கிறோம் என்று எழுந்தேன். "நல்லது அன்ரி, எல்லா விபரமும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்" என்றார். என்னுடையது இலவச ஜிமெயில்தான். முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சந்தையில் பாரை மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. விலையைக் கேட்பது, முகத்தைச் சுளிப்பது, இரண்டு எட்டு நடப்பது. அந்த இரண்டு எட்டில்தான் எல்லாம் இருக்கிறது. மீன்காரருக்கு என் முதுகுதான் தெரியும். மீனில் எனக்கு எவ்வளவு ஆசை என்பது அவருக்குத் தெரியாது. "வாருங்கள் அக்கா, நூறு ரூபா குறைத்துத் தருகிறேன்" என்று கூப்பிடும்வரை நான் திரும்பமாட்டேன். முகவரிடமும் அப்படித்தான் நடக்க நினைத்தேன்.

அன்றிரவு எல்லோரும் படுத்தபிறகு பதினொன்றரை மணிபோல அந்தக் கடிதத்தைத் திறந்தேன். கணக்குப் போட்டேன். விடியப்புறம் எழுந்து மறுபடியும் திறந்தேன். பிறகு அதை ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். கட்டண அட்டவணை என்று போட்டிருந்த சுட்டியை அவன் அழுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, அவசரப்படாதே, குறைத்துக் கேள்" என்றான்.

மூன்றாம் நாள் மாலை மறுபடி திறந்தேன். இரண்டு நிமிடம் போயிருக்காது, தொலைபேசி அடித்தது. "இப்போதுதான் உங்களை நினைத்தேன் அன்ரி. விபரம் பார்த்தீர்களா?" நான் விட்டுக்கொடுப்பேனா? "இன்னும் திறக்கவே இல்லை தம்பி, வீட்டில் வேலை" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். பிறகு சிரித்துக்கொண்டே, "பரவாயில்லை, ஆறுதலாகப் பாருங்கள். இடங்கள்தான் முடிந்துகொண்டு வருகின்றன" என்றார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

அடுத்த நாளும் அப்படியே. கடிதத்தைத் திறந்தால் அழைப்பு வரும். திறக்காத நாளில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில், "கனடாவில் உங்கள் சொந்தக்காரர் உதவ மாட்டாரா அன்ரி?" என்று கேட்டார். கனடாவைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை. மகன் உளறிவிட்டான் என்று நினைத்து அவனை ஏசினேன். பாவம், அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரமே 2,85,000 ரூபாவையும் முழுதாகக் கட்டினேன். ஒரு ரூபாகூடக் குறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாமாங்கேஸ்வரர் கோயில் வாசலில் செங்கலடியைச் சேர்ந்த ஒருவரைக் கண்டேன். அதே அலுவலகம், அதே மாதம், அதே கல்லூரி. அவர் கட்டியது 2,10,000. எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டேன். "நான் என்னத்தைக் குறைத்தேன் அக்கா, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன், அவர்களே கூப்பிட்டுக் குறைத்தார்கள்" என்றார். மின்னஞ்சல் பாவிக்கத் தெரியாத மனிதர். ஒவ்வொரு தாளையும் பஸ்ஸில் வந்து கையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அக்காவின் மகன் கொழும்பில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு வந்தவனிடம் கதையைச் சொன்னேன். "அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள் சித்தி" என்றான். கடிதத்தின் மூல வடிவத்தைத் திறந்தான். திரை முழுக்கக் குறியீடுகள். அதில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். அகலம் 1, உயரம் 1. ஒரு படமாம். கண்ணுக்குத் தெரியாது; ஊசி முனையளவு ஒரு புள்ளி, அதுவும் நிறமில்லாதது.

விஷயம் இதுதான். அந்தப் படம் கடிதத்துக்குள் இல்லை. அனுப்பியவர் காசு கட்டிப் பாவிக்கும் ஒரு சேவையின் கணினியில் இருக்கிறது. நான் கடிதத்தைத் திறந்தால், என் அஞ்சற்பெட்டி அங்கே போய்ப் படத்தை எடுக்கிறது. படத்தின் முகவரியில் எனக்கென்று தனி இலக்கம் இருப்பதால், எடுத்தது யாருடைய கடிதத்துக்கு, எத்தனை மணிக்கு, எத்தனையாவது தடவை என்பது அங்கே பதிவாகிறது. பதிவுத் தபால் என்றால் தபால்காரர் படலையில் நின்று கூப்பிடுவார், நான் பார்த்துத்தான் கையெழுத்திடுவேன். இங்கே ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியாமலே என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள். பதினொன்றரை மணிக்கு ஒன்று, விடியப்புறம் ஒன்று. "திறக்கவே இல்லை தம்பி" என்று நான் சொன்னபோது, அத்தனை கையெழுத்தும் அவருக்கு முன்னால் இருந்திருக்கின்றன.

கனடாவைக் காட்டிக்கொடுத்தது படம் அல்ல, சுட்டி. 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் இப்படியான படங்களைத் தன் சொந்தக் கணினிகள் வழியாக எடுத்து வந்து காட்டுகிறது. ஆகவே நான் கல்லடியில் இருந்து திறந்தேனா காலியில் இருந்து திறந்தேனா என்பது படத்தால் தெரியாது. திறந்தேன் என்பது மட்டும் தெரியும். சுட்டியை அழுத்துவது வேறு. அது முதலில் கண்காணிக்கும் கணினிக்குப் போய்விட்டுத்தான் அட்டவணைக்குப் போகிறது. அந்த வழியில் இணைய இணைப்பின் இலக்கம் பதிவாகி, நாடு வெளியாகிவிடுகிறது. தம்பி அழுத்திய அந்த ஒரு தடவையில், என் பின்னால் டொலர் நிற்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

இலவசமாகக் கிடைப்பதில் கொஞ்சம் வேவு இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. 2004 ஏப்ரல் 1ஆம் திகதி ஜிமெயில் தொடங்கியபோதே, கடிதங்களை இயந்திரத்தால் வாசித்து விளம்பரம் காட்டுகிறார்கள் என்று சண்டை நடந்தது. விளம்பரத்துக்காக அப்படி வாசிப்பதை நிறுத்துவதாக 2017இல்தான் அறிவித்தார்கள். அதற்கு முன் நான் வைத்திருந்தது யாஹூ. 2013இல் நடந்த திருட்டில் 3 பில்லியன் கணக்குகளும் அகப்பட்டன என்று அவர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒன்று என்னுடையது. இவற்றையெல்லாம் எங்கோ தூரத்துப் பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று விட்டுவிட்டேன். நாலு தெரு தள்ளி இருக்கும் அலுவலகம் இதே வித்தையை என்மேல் பாவிக்கும் என்று நினைக்கவில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "எல்லாரும் செய்வதுதானே அன்ரி" என்றார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். கச்சேரிப் பழக்கம், இலக்கம் சொல்லாமல் சட்டம் பேச வராது. அவர் அதைக் கேள்விப்பட்டவராகவே தெரியவில்லை. பணம்? பற்றுச்சீட்டின் பின்புறம் எறும்பளவு எழுத்தில், எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்று இருக்கிறது. நீங்களாவது பின்புறத்தைப் பாருங்கள்.

அக்காவின் மகன் செய்து தந்தது ஒரு நிமிட வேலை. ஜிமெயில் அமைப்புகளில் படங்கள் என்ற இடத்தில், வெளியிலிருந்து வரும் படங்களைக் காட்டுமுன் கேட்கும்படி மாற்றினான். நாமாக மாற்றாவிட்டால் அது எப்போதும் காட்டும்படிதான் இருக்குமாம். தம்பியின் ஐபோனில், 2021இல் அப்பிள் கொண்டுவந்த பாதுகாப்பை இயக்கச் சொன்னான். அது நாம் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே எடுத்துவிடுவதால், எது உண்மையில் திறந்த கடிதம் என்று அனுப்பியவருக்குப் பிடிபடாது. ஆனால் சுட்டிக்கு இந்த இரண்டும் உதவாது. அழுத்தினால் அழுத்தியதுதான். கட்டண அட்டவணையைக் கோப்பாகக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது செங்கலடிக்காரர் செய்ததுபோல நேரில் போய்த் தாளில் வாங்குங்கள்.

மகளுக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. அதையும் அறிந்துவைத்துப் போன வாரம் அதே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள். எழுத்தை மட்டும் நாலு தடவை வாசித்தேன். நேற்று அந்தத் தம்பி அழைத்து, "அன்ரி, நாங்கள் அனுப்பியது கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். குரலில் முன்பிருந்த சிரிப்பைக் காணவில்லை.

"இன்னும் திறக்கவே இல்லை தம்பி, வீட்டில் வேலை" என்றேன்.